கரண்ட் போய் வந்ததும் எழுந்திருக்குமா? ராஸ்பெர்ரி பை 4, பை 5: சேலம், ஏற்காடு நிலவரத்தில்

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் மழைமானியைப் படிக்க வைத்த ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி போர்டு நின்றுபோனால், அதைப் பார்க்கச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். கீழே அம்மாபேட்டைத் தறிக்கூடத்தில் மீட்டரைப் படிக்கும் போர்டு நின்றால் தூரம் குறைவு, தலைவலி அதேதான். ஆகவே பை 4, பை 5 இரண்டையும் இங்கே ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறோம்: கரண்ட் போய் வந்ததும் தானாக எழுந்திருக்கிறதா, எழவில்லை என்றால் காரணத்தைச் சொல்கிறதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மலைமேல் ஆளில்லாத இடத்துக்கு பை 4. சேலத்தில் மேசைமேல் கையெட்டும் தூரத்தில் இருக்கப் போகிறதென்றால் பை 5, அதுவும் அதன் 27 வாட் அடாப்டரோடு சேர்த்து. பூட் ஆகாமல், அதாவது எழாமல் நிற்கும் பைகளில் போர்டே செத்துப்போனது அபூர்வம். குற்றவாளி பெரும்பாலும் அடாப்டர், கேபிள், மெமரி கார்டு மூன்றில் ஒன்று. போர்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு இந்த மூன்றிலும் கை இறுக்குகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

முதலில் மின்சாரம். பை 4 கேட்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். பை 5 கேட்பது 5.1 வோல்ட், 5 ஆம்பியர். இந்த 5 ஆம்பியரில்தான் சிக்கல். வீட்டில் 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறது, போன் சார்ஜரே 67 வாட் என்று பலர் அதையே சொருகுகிறார்கள். அந்த வாட்டெல்லாம் 9, 15, 20 வோல்ட் என்று மேலே போகும்போது வருவது. பை வாங்குவது 5 வோல்ட் மட்டும். அந்த 5 வோல்ட்டில் சாதாரண டைப்-சி சார்ஜர்கள் 3 ஆம்பியருக்கு மேல் தருவதில்லை. அப்போது பை 5 பூட் ஆகும். ஆனால் யூஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும். 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர் விடும். யூஎஸ்பியில் மாட்டிய எஸ்எஸ்டி ஒன்று மின்பசியில் திணறுவதற்கு இந்த வித்தியாசம் போதும்.

பை 5-ஐ மலைக்கு அனுப்பத் தயங்குவதற்கு முக்கியக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 5 ஆம்பியர் அடாப்டர் இல்லை என்று தெரிந்தால், யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய அது தானாக முன்வராது. போர்டிலுள்ள பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொல்லி நிற்கும். மேசைமேல் இது நல்ல எச்சரிக்கை. ராத்திரி 3 மணிக்குப் பனிமூட்டத்தில் கரண்ட் வந்து, பொத்தானை அழுத்த ஆளில்லாத கொட்டகையில், மறுநாள் வரைக்கும் தகவல் இல்லாத ஓட்டை. கார்டிலுள்ள கான்ஃபிக் கோப்பில் (config.txt) யூஎஸ்பி மேக்ஸ் கரண்ட் எனேபிள் (usb_max_current_enable) என்ற வரியை 1 ஆக்கினால் அந்தக் காவலை விலக்கலாம். ஆனால் அடாப்டர் உண்மையிலேயே அவ்வளவு தாங்குமா என்ற பொறுப்பு அப்போது நம் தலையில்.

சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வர்ட்டர் என்று தோட்டங்களில் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. பக் கன்வர்ட்டர் பை 5-உடன் பேரம் பேசாது. ஆகவே அது எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று போர்டுக்குத் தெரியாமலே போகும். 5 ஆம்பியர் தரமாகத் தரக்கூடிய கன்வர்ட்டராக இருந்தால் பூட்லோடர் (போர்டை எழுப்பும் முதல் மென்பொருள்) அமைப்பில் பிஎஸ்யூ மேக்ஸ் கரண்ட் (PSU_MAX_CURRENT) என்ற வரியைச் சேர்த்து 5000 என்று கொடுங்கள். பை 4-க்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. 5.1 வோல்ட் வந்தால் போதும், எங்கிருந்து வந்தது என்று கேட்காது.

கேபிளை யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்பட வேண்டும். கடை வாசலில் கொத்தாகத் தொங்கும் மெல்லிய யூஎஸ்பி கேபிளுக்குள் 28 கேஜ் கம்பி இருந்தால், மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பி. ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம் ஆகிறது. பூட் ஆகும்போது போர்டு 1.5 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். அடாப்டர் 5.1 கொடுத்தாலும் போர்டுக்குப் போய்ச் சேர்வது 4.5-க்குக் கீழே. பை 4-இல் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு அணையும் அல்லது சிமிட்டும். அதே ஒரு மீட்டரில் 20 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.1 வோல்ட்தான். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கேபிளோடு ஒட்டியே வரும் அடாப்டரை வாங்கச் சொல்வது இதனால்தான். சாக்கெட்டில் ஆடும் கன்வர்ட்டர் பின்னைப் போட்டு அதை மாட்டாதீர்கள். நம் சாக்கெட்டில் நேராக உட்காரும் பின் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சோதிக்கலாம். டெர்மினலில் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையோடு கெட் த்ராட்டில்ட் (vcgencmd get_throttled) என்று கேட்டால் 0x என்று தொடங்கும் ஓர் எண் வரும். வெறும் பூஜ்யம் வந்தால் கவலை இல்லை. 50000 என்றால் இப்போது சரி, ஆனால் கடைசியாகப் பூட் ஆன பிறகு எப்போதோ வோல்டேஜ் விழுந்து வேகமும் குறைந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் விழுந்துகொண்டிருக்கிறது. பை 5-இல் இன்னும் நேரடியாக, உள்ளே வரும் 5 வோல்ட் எவ்வளவு என்று அதன் பவர் சிப்பையே கேட்டுவிடலாம். இது அருமையான வசதி. மல்டிமீட்டர் இல்லாமலே பாதி நோய் தெரிந்துவிடும்.

தறி ஓடும் தெருக்களில் வோல்டேஜ் குறைவுதான் பையைக் கெடுக்கிறது என்ற பேச்சு உண்டு. 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கும் நல்ல அடாப்டருக்கு லைனில் 170 வந்தாலும் ஒன்றும் ஆகாது. கெடுப்பது கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய் வரும் கரண்ட்தான். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் தாங்குவது சில மில்லி நொடிகள். அதற்கு மேல் நீண்டால் போர்டு முழுதாக அணையாமல் பாதியில் மயங்கி நிற்கும். பவரை முழுதாகப் பிடுங்கி, 10 நொடி விட்டுச் சொருகினால் எழுந்துவிடும். அடிக்கடி இப்படி ஆகிற இடத்தில் 5 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாங்கும்போது 3 ஆம்பியர் தருகிறதா என்று பாருங்கள். ரௌட்டருக்கென்று விற்பவற்றில் பல 12 வோல்ட், 5 வோல்ட் துளை இருந்தாலும் அது 2 ஆம்பியரோடு நின்றுவிடும்.

போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கார்டு, யூஎஸ்பி, மேலே சொருகிய ஹேட் (கூடுதல் போர்டு) எல்லாவற்றையும் கழற்றுங்கள். டைப்-சி துளைக்கு அருகிலுள்ள எச்டிஎம்ஐ துளையில் மானிட்டரை மாட்டி, மானிட்டரை முதலில் ஆன் செய்து, பிறகு பவர் கொடுங்கள். கார்டே இல்லாமல் திரையில் போர்டின் விவரம், பூட் வரிசை, கார்டு இல்லை என்ற செய்தி எல்லாம் எழுத்தாக வந்தால் போர்டு நலம். பிழை கார்டிலோ அதிலுள்ள மென்பொருளிலோ இருக்கிறது. பை 4-இலும் 5-இலும் உள்ள இந்தத் திரை பழைய பை 3-இல் கிடையாது. பழுது பார்க்கிற கோணத்தில் பை 3-ஐ இன்று வாங்க வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

திரையில் ஒன்றுமே வரவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். 40 பின் வரிசையில் 2-ஆம் பின்னுக்கும் 6-க்கும் இடையே 5 வோல்ட், 1-ஆம் பின்னுக்கும் 6-க்கும் இடையே 3.3 வோல்ட் வர வேண்டும். ஐந்து வந்து மூன்று வரவில்லை என்றால் பவர் சிப் போயிருக்கிறது. பெரும்பாலும் 1-ஐயும் 2-ஐயும் தவறிப்போய் ஷார்ட் செய்ததன் விளைவு அது. அளக்கும்போதே மீட்டர் கம்பியின் முனை வழுக்கி இந்த இரண்டையும் தொட்டுவிடலாம், கை நடுங்காமல் பிடியுங்கள். இரண்டுமே சரியாக வந்தும் திரை இருட்டாகவே இருந்தால் பூட்லோடரை மீண்டும் எழுதிப் பார்க்கலாம். கார்டில் மென்பொருளை எழுதித் தரும் ராஸ்பெர்ரி பை இமேஜரில் மற்ற பயன்பாடுகள் பகுதியில் பூட்லோடர் என்று இருக்கும். அதை ஒரு பழைய கார்டில் எழுதிப் போட்டால், வேலை முடிந்ததும் பச்சை விளக்கு விடாமல் வேகமாகச் சிமிட்டும், திரை முழுதும் பச்சையாகும். செத்துவிட்டது என்று ஒதுக்கி வைத்த பை 4 சில, இந்த ஒரு வேலையில் திரும்பி வந்துவிடும்.

பச்சை விளக்கின் சிமிட்டல்களுக்கு அர்த்தம் உண்டு. எண்ணிப் பாருங்கள். நான்கு குறுஞ்சிமிட்டல் என்றால் ஸ்டார்ட் கோப்பு கார்டில் இல்லை. ஏழு என்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோப்பு இல்லை. எட்டு என்றால் ரேம் பிழை. அது போர்டு பழுது, கடைக்குத் திருப்ப வேண்டியது. இரண்டு நீண்டதும் ஒன்று குறுகியதும் வந்தால் கார்டின் முதல் பகுதி ஃபேட் (FAT) என்ற கோப்பு வடிவில் இல்லை. நான்கு நீண்டதோடு ஆறோ ஏழோ குறுஞ்சிமிட்டல் வந்தால் பவர் கோளாறு. பை 5-இல் விளக்கு ஒன்றுதான். பவர் இருந்தும் போர்டு அணைந்திருந்தால் சிவப்பு, எழுந்துவிட்டால் பச்சை. அதனால் சிவப்பைப் பார்த்துப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள், பொத்தானை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

கார்டுக்கு வருவோம். புதிதாக எழுதிய கார்டு பூட் ஆகாமல் போக ஒரு காரணம் விண்டோஸ். இமேஜர் எழுதி முடித்ததும் கார்டின் இரண்டாம் பகுதி விண்டோஸுக்குப் புரியாது. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் அந்தப் பகுதியில் எழுதியதெல்லாம் போச்சு. கேன்சல் கொடுத்துவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். இன்னொன்று, பை 5-க்கு ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இயங்குதளத்தின் புக்வார்ம் அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புதான் வேண்டும். பை 4-இல் நன்றாக ஓடிய பழைய புல்ஸ்ஐ பதிப்புக் கார்டைப் பிடுங்கி பை 5-இல் போட்டால் பூட் ஆகாது. அது கார்டின் குற்றமும் இல்லை, போர்டின் குற்றமும் இல்லை.

போலிக் கார்டு பெரிய தொல்லை. மேலே 64 ஜிபி என்று இருக்கும், உள்ளே 8 இருக்கும். முதல் வாரம் நன்றாக ஓடி, தகவல் நிரம்ப நிரம்ப ஒரு நாள் கெர்னல் பேனிக் என்று நிற்கும். வாங்கிய அன்றே எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள். நொடிக்கு 20 எம்பி எழுதும் கார்டில் 64 ஜிபி நிரம்ப ஒரு மணி நேரம் போல் ஆகும். கடையில் மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

திரையில் விஎஃப்எஸ் (VFS) என்று தொடங்கி ரூட் பகுதியை (இயங்குதளம் இருக்கும் பகுதி) ஏற்ற முடியவில்லை என்ற செய்தியும், அடைப்புக்குறிக்குள் 179, 2 என்ற எண்களும் வந்தால், கார்டு தெரிகிறது, இரண்டாம் பகுதி கெட்டிருக்கிறது. கார்டை வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி, அந்தப் பகுதியை மவுண்ட் செய்யாமலே எஃப்எஸ்சிகே (fsck) என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். 0, 0 என்று வந்தால் கமாண்ட்லைன் கோப்பில் (cmdline.txt) உள்ள பகுதி அடையாள எண் தவறாக இருக்கலாம். கார்டை வேறு கார்டுக்குக் கையால் நகலெடுத்தவர்களுக்கு இது வரும். அந்தக் கோப்பு முழுதும் ஒரே வரியாக இருக்க வேண்டும், நடுவில் என்டர் விழுந்தாலும் பூட் நிற்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலையில் அப்டேட் ஓட விடாதீர்கள். பூட் பகுதி ஃபேட் வடிவம். எழுதப் போவதை முன்பே குறித்துவைக்கும் ஜர்னல் அதற்குக் கிடையாது. கெர்னல் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அரைகுறைக் கோப்பு ஒன்று மிஞ்சும். மலைமேல் வைக்கும் போர்டில் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் உள்ள ஓவர்லே கோப்பு முறையை (மாற்றங்களைக் கார்டில் எழுதாமல் ரேமிலேயே வைப்பது) இயக்கி, பூட் பகுதியையும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். பிறகு எத்தனை முறை கரண்ட் போனாலும் கார்டு கெட வாய்ப்பு மிகக் குறைவு. மழை அளவு போன்ற தகவலை மட்டும் தனி யூஎஸ்பி டிரைவில் எழுத வைக்கலாம். அப்படி வைக்கும்போது டிரைவ்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அந்த டிரைவின் வரியில் நோஃபெயில் (nofail) என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் டிரைவ் ஒருநாள் கழன்றாலோ கெட்டாலோ, போர்டு 90 நொடி அதற்காகக் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நிற்கும். ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் விசைப்பலகை மாட்டினாலும் உள்ளே நுழைய முடியாது. ஒரு சொல்லை விட்டதற்காக மலை ஏற வேண்டியிருக்கும்.

பூட் ஆகியும் ஆகாதது போலத் தோன்றும் ஒரு வகையும் உண்டு. 2022 ஏப்ரல் முதல், பை என்ற வழக்கமான பயனர் கணக்கு தானாக வருவதில்லை. இமேஜரில் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, நாடு இந்தியா, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) எல்லாம் கொடுத்து எழுதவில்லை என்றால், மானிட்டர் இல்லாத போர்டு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத்தான் கதவு கிடையாது. முதல் பூட்டில் கார்டின் அளவை விரித்து, தானாக மறுபடி எழும். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், நடுவில் பிடுங்காதீர்கள்.

பழைய பை 4 வாங்குகிறவர்கள் ரிவிஷன் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2019-இல் வந்த முதல் 1.1 போர்டுகளில் டைப்-சி துளையின் ரெசிஸ்டர் அமைப்பு தவறு. சிப் வைத்த விலையுயர்ந்த கேபிளை மாட்டினால் சார்ஜர் இதை ஆடியோ சாதனம் என்று நினைத்து மின்சாரமே தராது. சாதாரண கேபிளில் ஓடும். கடைசி இலக்கம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் இந்தக் குறை இல்லை.

சேலத்து வெயில் பூட்டைத் தடுப்பதில்லை. 80 டிகிரி தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பை 5-க்கு அதன் ஃபேனுள்ள கூலர் கட்டாயம், பை 4-க்கு அலுமினியப் பெட்டியே போதும்.

ஏற்காட்டில் பகை ஈரம். சுமார் 1,500 மீட்டர் உயரம். மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து போகிற மாதங்களில் கார்டின் தங்கப் பட்டைகளில் படலம் பிடிக்கும். கார்டு தெரிகிறது, தெரியவில்லை என்று மாறி மாறி வந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பட்டைகளைத் துடையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். பெட்டியில் கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். நுழைவதற்கு முன் கேபிள் ஒருமுறை தாழ்ந்து வளைந்து ஏறினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அடியில் சிறு மூச்சுத் துளை வேண்டும். முழுதாக மூடிய பெட்டிக்குள் ஈரம் சிறைப்படும். போர்டை எப்போதும் ஓடவிடுவதே நல்லது, அதன் சூட்டிலேயே நீர் கோக்காது. ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் ஆன் செய்கிற இடங்களில்தான் பனித்துளி படிந்த போர்டுக்கு மின்சாரம் பாய்கிறது.

எல்லாம் பார்த்தும் காரணம் புரியாதவர்களுக்கு, போர்டு பூட் ஆகும்போது அனுப்பும் செய்திகளை வேறு கணினியில் படிக்க வைக்கும் சீரியல் கேபிள். இதில் பை 5 தெளிவாக முந்துகிறது: இரண்டு எச்டிஎம்ஐ துளைகளுக்கு நடுவே மூன்று பின் துளை தனியாக இருக்கிறது, பூட்லோடர் பேசுவது முழுதும் அதில் வரும். பை 4-இல் 6, 8, 10 பின்களில் மாட்டி, பூட்லோடர் அமைப்பில் பூட் யுஏஆர்டி (BOOT_UART) வரியை முன்கூட்டியே 1 ஆக்கியிருக்க வேண்டும். வேகம் 115200. யூஎஸ்பி சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். 5 வோல்ட் வகை அந்தப் பின்னையே எரித்துவிடும்.

கடைசியாகக் கடிகாரம். கரண்ட் வந்து, இணையம் வராத மலையில் பை 4 தவறான நேரத்தோடு எழும். மழை பதிவெல்லாம் நேரம் தப்பிப் போகும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது, ஆனால் அதை 3.3 வோல்ட் பின்னில் மட்டும் மாட்டுங்கள். மலிவான மாட்யூல்களில் சார்ஜ் சுற்று இருக்கிறது. 5 வோல்ட்டில் மாட்டினால் சார்ஜ் ஆகக் கூடாத சிஆர்2032 பேட்டரியை அது சார்ஜ் செய்து ஊதவைக்கும். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் தனியாக வாங்க வேண்டும். அதற்கான சார்ஜ் இயல்பாக அணைந்தே இருக்கும். சார்ஜ் ஆகும் எம்எல்2020 வகையைப் போட்டிருந்தால் மட்டும் கான்ஃபிக் கோப்பில் 3 வோல்ட் என்று குறித்து இயக்குங்கள்.